அன்றைக்கு சபையில் என்ன பேசினார்?

எங்கள் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். எல்.ஐ.சி.யில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவர். குப்பை என்பது அவர் வார்த்தை. வயது எண்பதைத் தாண்டிவிட்டது. காது கொஞ்சம் மந்தம். ஞாபகம் மட்டும் பிளேடு மாதிரி.

சில மாதங்களுக்கு முன்னால் முந்த்ரா ஊழலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய நிதி ஊழல். 1957-ல் எல்.ஐ.சி.யின் பணம் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய், ஹரிதாஸ் முந்த்ரா என்கிற கல்கத்தா வியாபாரியின் ஆறு கம்பெனிகளில் பங்கு வாங்கப் போனது. நிதியமைச்சர் நம்ம ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி இழந்தார். ‘நாடாளுமன்றத்தில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டார்’ என்று ஒரு வரி போட்டிருந்தேன். வாசிக்க ஜோராக இருந்தது.

பத்திரிகை வந்த அன்று சாயந்திரம் பெரியவர் கூப்பிட்டு அனுப்பினார்.

“தம்பி, கிருஷ்ணமாச்சாரி சபையில பொய் சொன்னார்னு எழுதியிருக்கியே, அன்னிக்கு அவர் என்ன பேசினார்னு நீ படிச்சியா?”

“ஒரு புத்தகத்துல இருந்தது சார்.”

“அந்தப் புத்தகத்தை எழுதினவன் படிச்சானா?”

பதில் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். அப்படி ஆரம்பித்த தேடல்தான் இது.

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் எனக்கு ஏற்கெனவே ஒரு முன்கதை உண்டு. பி.காம். முடித்துப் பத்திரிகை வேலைக்கு வந்த புதிது. 2004 என்று நினைவு. அண்ணா 1962-ல் நாடாளுமன்றத்தில் திராவிட நாடு பற்றிப் பேசிய பேச்சு வேண்டும் என்றார் ஆசிரியர். ஒரு பெரிய நூலகத்துக்குப் போய், லோக்சபா விவாதங்கள் என்று எழுதிக் கொடுத்து, தூசியும் தும்மலுமாக அரை நாள் புரட்டினேன். அண்ணாவைக் காணோம். கடைசியில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்த ஒரு பேராசிரியர்தான் இரக்கப்பட்டார். “அண்ணா அந்த வருஷம் காஞ்சிபுரத்துல தோத்துட்டாருப்பா. ராஜ்யசபாவுக்குத்தான் போனார். அந்த வரிசையில பாரு.”

அன்றைக்குக் கற்ற முதல் பாடம், எந்த சபை என்று தெரியாமல் நூலகப் படியேறக் கூடாது. சபையின் பெயரும் அடிக்கடி மாறியிருக்கிறது. இன்றைக்கு மக்களவை என்கிறோம். 1952-ல் அது கூடியபோது லோக்சபா என்ற பெயரே கிடையாது. ஆங்கிலத்தில் ‘ஹவுஸ் ஆஃப் தி பீப்பிள்’. 1954 மே மாதம்தான் லோக்சபா ஆனது. ‘கவுன்சில் ஆஃப் ஸ்டேட்ஸ்’ அதே வருடம் ஆகஸ்டில் ராஜ்யசபா ஆனது. அதற்கு முன்னால் 1950 முதல் 52 வரை தற்காலிக நாடாளுமன்றம். அதற்கும் முன்னால் அரசியல் நிர்ணய சபை. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அரசியல் சட்டம் எழுதிய அதே சபை, நாட்டுக்குத் தேவையான அன்றாடச் சட்டங்களையும் தனியாகக் கூடி நிறைவேற்றியது. இரண்டுக்கும் தனித்தனி விவாத ஏடுகள். அம்பேத்கர் அரசியல் சட்டம் பற்றிப் பேசியது ஒரு வரிசையில் இருக்கும். 1947 நவம்பரில் ஆர்.கே. சண்முகம் செட்டியார் தாக்கல் செய்த சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட் இன்னொரு வரிசையில் இருக்கும். வெள்ளைக்காரன் காலத்துக்குப் போனால் மத்திய சட்டசபை. நூலக அட்டைகளில் இவை அத்தனையும் வேறு வேறு தலைப்பில் கிடக்கும். ஒன்றைத் தேடி இல்லை என்று திரும்பி வருகிறவர்களில் பாதிப் பேர் பெயர் தெரியாமல் திரும்புகிறவர்கள்தான்.

சபையில் பேசுவதை எழுதி வைக்கும் பழக்கம் நம் நாட்டில் எப்போது வந்தது? 1854. டல்ஹௌசி காலம். கல்கத்தாவில் சட்டம் இயற்ற ஒரு கவுன்சில். உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர், அத்தனை பேரும் வெள்ளையர்கள். ஆனாலும் அதுவரை காகிதத்தில் நடந்ததை வாயால் பேசி விவாதித்தார்கள். வெளியாட்கள் உட்கார்ந்து கேட்கலாம். நடவடிக்கைகள் அச்சாயின. பேச்சு அச்சானால் என்ன ஆகும்? பேசுகிறவருக்குத் தைரியம் வரும். கம்பெனி நிர்வாகத்தையே கேள்வி கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். லண்டன் முகம் சுளித்தது. 1861-ல் புதுச் சட்டம் போட்டு, கொண்டுவந்த மசோதாவைத் தவிர வேறு எதையும் பேசக் கூடாது என்று வாய்க்குப் பூட்டுப் போட்டார்கள்.

அந்தப் பூட்டு கொஞ்சம் திறக்க முப்பது வருடம் ஆனது. 1892 சட்டம் கேள்வி கேட்க அனுமதித்தது. துணைக் கேள்வி கிடையாது. கேட்டால் பதில், அத்தோடு சரி. 1893 பிப்ரவரி 16 அன்று பிங்கா ராஜா என்கிற உறுப்பினர் முதல் கேள்வியைக் கேட்டார். என்ன கேள்வி தெரியுமா? சுற்றுப்பயணம் வரும் அதிகாரிகளுக்கு அரிசி பருப்பு சப்ளை செய்து கிராமத்துக் கடைக்காரர்கள் படும் அவஸ்தை பற்றி. நூற்றுமுப்பது வருடம் தாண்டிவிட்டது. கேள்வி இன்றைக்கும் புதிதாகத்தான் இருக்கிறது.

சரி, நம் கதைக்கு வருவோம்.

இந்த முறை சபை தெரியும். மக்களவை. வருடம் 1957. ஆனால் தேதி? இங்கேதான் இரண்டாவது பாடம். நாடாளுமன்ற ஏடுகளில் பொருள் வைத்துத் தேடுவதைவிடத் தேதி வைத்துத் தேடுவது லேசு. தேதியை எங்கே பிடிப்பது? அந்தக் காலத்து நாளிதழில். சபையில் நடந்தது மறுநாள் பேப்பரில் வந்திருக்கும். சென்னையில் இருப்பவர்களுக்குக் கன்னிமாரா இருக்கிறது. 1896-ல் திறந்த நூலகம். நாட்டில் அச்சாகும் புத்தகங்களின் பிரதி 1954-ம் ஆண்டுச் சட்டப்படி போய்ச் சேர வேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. மற்ற மூன்றும் கொல்கத்தா, மும்பை, தில்லியில். பழைய நாளிதழ்த் தொகுப்புகள் பல்கலைக்கழக நூலகங்களிலும் சிக்கும். புரட்டியதில் நாள் கிடைத்தது. 1957 டிசம்பர் 16. ஃபெரோஸ் காந்தி விவாதத்தைக் கிளப்பிய நாள்.

தேதி கிடைத்த பிறகு இன்றைய தலைமுறைக்கு வேலை சுலபம். தில்லிக்கு ரயில் ஏற வேண்டாம். நாடாளுமன்ற நூலகம் 1921-ல் உறுப்பினர்களுக்காக ஆரம்பிக்கப்பட்டது. 2002 மே மாதம் தனிக் கட்டடத்துக்குப் போனது. அங்கே அடுக்கியிருக்கும் விவாத ஏடுகளை ஸ்கேன் செய்து நாடாளுமன்ற மின்நூலகம் என்று இணையத்தில் போட்டுவிட்டார்கள். விடுதலைக்கு முந்தைய சபைகளின் ஏடுகளும் அதில் உண்டு. மாநிலங்களவைக்குத் தனியாக 1952 முதல் இருக்கிறது. காசு கிடையாது. அண்ணாவுக்காக நான் அரை நாள் தும்மிய பேச்சு இப்போது மொட்டைமாடியில் உட்கார்ந்து செல்போனில் படிக்கிற விஷயமாகிவிட்டது. கடந்த இருபது வருட மசோதாக்களை மட்டும் பார்ப்பதென்றால், 2005-ல் தில்லியில் தொடங்கிய பி.ஆர்.எஸ். என்கிற ஆய்வு அமைப்பின் பக்கங்கள் போதும். மசோதா, அதன் சுருக்கம், எந்த உறுப்பினர் எத்தனை நாள் சபைக்கு வந்தார் என்பதுவரை கொடுத்துவிடுகிறார்கள்.

ஆனால் ஒன்று. ஸ்கேன் செய்த பழைய எழுத்தைக் கம்ப்யூட்டர் தப்புத் தப்பாகப் படிக்கும். முந்த்ரா என்று தட்டினால் வராது. அந்தப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். தேதியைக் கொடுங்கள், அந்த நாள் முழுசாக வரும். அப்புறம் கண்ணால்தான் தேட வேண்டும். பழைய ஏடுகளில் பக்கத்துக்குப் பதில் பத்திக்குத்தான் எண். ஒரு பக்கத்தில் இரண்டு பத்தி, இரண்டு எண். ஆய்வு நூல்களின் அடிக்குறிப்பில் ஐயாயிரம், ஆறாயிரம் என்று எண்களைப் பார்த்து அத்தனை பக்கமா என்று மிரள வேண்டாம். பத்திகள் அவை. முதல் மக்களவை காலத்து ஏடுகளில் கேள்வி-பதில் ஒரு பகுதி, மற்ற நடவடிக்கைகள் இன்னொரு பகுதி என்று பிரித்து வேறு வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை விட்டால் பாதிக் கதைதான்.

டிசம்பர் 16-ஐத் திறந்தேன்.

ஃபெரோஸ் காந்தி காங்கிரஸ்காரர். பிரதமர் நேருவின் மருமகன். ஆளும் கட்சி வரிசையில் உட்கார்ந்துகொண்டு சொந்த மாமனாரின் அரசாங்கத்தைத்தான் கூண்டில் ஏற்றுகிறார். கூச்சல் கிடையாது. பங்குகளின் விலையை அடுக்குகிறார். பி.காம். பரீட்சைக்குப் பங்குச் சந்தை பற்றி நான் உருப்போட்டதைவிட, அவர் பேச்சிலிருந்து தெரிந்துகொண்டது அதிகம். அவருக்கு இது புதிதும் இல்லை. 1955 டிசம்பரில் ஒரு தனியார் காப்பீட்டுக் கம்பெனி செய்த தில்லுமுல்லுகளை இதே சபையில் புட்டுப் புட்டு வைத்தவர். அடுத்த மாதமே ஆயுள் காப்பீட்டை அரசு கையில் எடுத்தது. 1956 செப்டம்பரில் எல்.ஐ.சி. பிறந்தது. ஒருவிதத்தில் எல்.ஐ.சி. பிறக்க மருத்துவம் பார்த்தவர்களில் இவரும் ஒருவர். குழந்தைக்கு ஒரு வயசாவதற்குள் அதன் உண்டியலில் ஒருவன் கை வைத்தால் சும்மா இருப்பாரா?

மறுநாள் நாளிதழ்கள் அதை வெளியிட்டன. இதில் என்ன அதிசயம் என்று தோன்றும். இருக்கிறது.

சபைக்குள் ஒரு உறுப்பினர் என்ன பேசினாலும் அவர் மீது வழக்குப் போட முடியாது. அரசியல் சட்டம் 105-வது பிரிவு தரும் காப்பு. ஆனால் அதே பேச்சை அச்சிட்ட பத்திரிகைக்கு அந்தக் காப்பு இல்லை. சட்டசபைப் பேச்சு ஒன்றை வெளியிட்ட வழக்கில், பத்திரிகைக்கு அந்த உரிமை கிடையாது என்று 1951-ல் கல்கத்தா உயர் நீதிமன்றம் சொல்லியும்விட்டது. அதாவது, நீங்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆள் உங்களுக்காகப் பேசலாம். அதை உங்கள் காதில் போடுகிறவர் கோர்ட் படி ஏற வேண்டியிருக்கும். இந்த விநோதத்தைச் சரிசெய்ய ஒருவர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். சபை நடவடிக்கையைக் கெட்ட எண்ணம் இல்லாமல், உள்ளது உள்ளபடி வெளியிட்டால் வழக்கு கிடையாது. 1956-ல் நிறைவேறிச் சட்டமானது. தனிநபர் மசோதா சட்டமாவது நம் நாட்டில் குதிரைக்குக் கொம்பு முளைப்பது மாதிரி.

கொண்டுவந்தவர் யார்? அதே ஃபெரோஸ் காந்திதான். முதலில் ரோடு போட்டார். அடுத்த வருடம் அதில் வண்டி ஓட்டினார்.

1960-ல் ஃபெரோஸ் காந்தி காலமானார். 1975 ஜூனில் எமர்ஜென்சி வந்தது. அந்த டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம், 1976-ல் முறையான சட்டம். எதற்கு? 1956-ம் ஆண்டுச் சட்டத்தை ரத்து செய்ய. பிரதமர் இந்திரா காந்தி. கணவர் போட்ட ரோட்டை மனைவியின் அரசாங்கம் வெட்டிப் போட்டது. கதையில் எழுதினால் நம்ப மாட்டார்கள். ஜனதா ஆட்சி வந்து 1977-ல் அதை மறுபடி சட்டமாக்கியது. மறுவருடம் 44-வது திருத்தம், அவ்வளவு சுலபமாகக் கை வைக்க முடியாதபடி அரசியல் சட்டத்துக்குள்ளேயே அந்தக் காப்பைச் சேர்த்தது. 361-ஏ பிரிவு.

எமர்ஜென்சி காலத்து நாளிதழ்களைப் புரட்டி நாடாளுமன்றத்தில் என்ன நடந்தது என்று பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். உறுப்பினர் பெயர், கட்சி, ஆதரித்தாரா எதிர்த்தாரா. தணிக்கை அனுமதித்தது அவ்வளவுதான். பேச்சு வராது. மந்திரிகள் பேசினால் வரும். கேள்வி நேரத்தையே நிறுத்திவிட்டார்கள். ஆனால் சபைச் சுருக்கெழுத்தர்கள் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள். 1975 ஜூலை 21 அன்று ஏ.கே. கோபாலன் மக்களவையில் எழுந்து எமர்ஜென்சியை எதிர்த்துப் பேசினார். தேசத்துக்குக் கேட்காத அந்தப் பேச்சு ஏட்டில் இருக்கிறது. இன்றைக்கு யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பேப்பர் சொல்லாததை வால்யூம் சொல்லும் இடம் இது.

அதற்காக ஏடு எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்று நினைக்க வேண்டாம். சபைத் தலைவர் தகாத சொல் என்று கருதினால் அவைக்குறிப்பிலிருந்து நீக்கச் சொல்லலாம். அந்த இடத்தில் நட்சத்திரக் குறி, கீழே ஒரு குறிப்பு. பரபரப்பான நாட்களின் ஏடுகளில் வானம் முழுக்க நட்சத்திரம். எனக்கு இதைவிட வருத்தமான ஒன்று உண்டு. நம் உறுப்பினர்கள் தமிழில் பேசினால் ஏட்டில் என்ன இருக்கும்? ஆங்கில மொழிபெயர்ப்பு. தமிழில் பேசியதன் மொழிபெயர்ப்பு என்று ஓர் அடிக்குறிப்பு. அவர் சொன்ன பழமொழி, கிண்டல், குத்தல் எதுவும் அங்கே இல்லை. கேள்வி நேரத்தின் நேரடி ஒளிபரப்பு வந்ததே 1994 டிசம்பரில்தான். மக்களவைக்கென்று தனித் தொலைக்காட்சி 2006-ல். அதற்கு முந்தைய தமிழ்ப் பேச்சுகளை வீடியோவில் கேட்கும் வழியும் அநேகமாக இல்லை.

ஏடு பத்திரமாக இருக்கிறது என்று மெத்தனமாகவும் இருக்க முடியாது. எமர்ஜென்சி அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷன் 1978-ல் மூன்று அறிக்கைகள் கொடுத்தது. 1980-ல் இந்திரா மறுபடி ஆட்சிக்கு வந்தார். அதன்பின் அந்த அறிக்கைகள் கண்ணில் படவே இல்லை. பிரதிகளைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள் என்றார்கள். தேடிப் போனவர்களுக்குக் கிடைக்கவில்லை. முப்பது வருடம் கழித்து, 2010-ல் அது புத்தகமாக மறுபடி வந்தது. எங்கிருந்து? நம்ம இரா. செழியன் வீட்டு அலமாரியிலிருந்து. நாவலர் நெடுஞ்செழியனின் தம்பி. எமர்ஜென்சியின்போது மக்களவையில் இருந்தவர். தன்னிடம் இருந்த பிரதியைப் பதிப்பிக்கக் கொடுத்தார். சென்னைப் பதிப்பகம் ஒன்று வெளியிட்டது. அரசாங்கத்திடமே கிடைக்காத காகிதத்தை ஒரு தனிமனிதர் பழைய பேப்பர்க்காரனுக்குப் போடாமல் வைத்திருந்தார். அவர் வீட்டில் யாராவது ஒரு தீபாவளிக்கு அலமாரியை ஒழித்திருந்தால்?

டி.டி.கே. விவகாரத்துக்கு வருகிறேன். டிசம்பர் 16 விவாதத்தையும் அதற்கு முன்னும் பின்னும் சில நாட்களையும் படித்தேன். சபையின் அழுத்தம் தாங்காமல்தான் நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் விசாரணை வந்தது. பம்பாயில் பகிரங்கமாக நடந்தது. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைத்தார்கள். 24 நாளில் முடித்து 1958 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்துவிட்டார் சாக்ளா. இன்றைய கமிஷன்கள் கேட்டால் மயக்கம் போட்டுவிடும்.

பங்கு வாங்க யார் சம்மதம் கொடுத்தது என்பதில் அமைச்சரும் நிதித்துறைச் செயலாளர் எச்.எம். பட்டேலும் வேறு வேறு மாதிரி சொன்னார்கள். செயலாளர் செய்ததற்கு அமைச்சர்தான் பொறுப்பு, அதிலிருந்து அவர் தப்ப முடியாது என்றார் சாக்ளா. அந்தப் பொறுப்பில்தான் டி.டி.கே. போனார். 1962-ல் மறுபடி மந்திரியாக வந்தார் என்பது வேறு கதை.

சபையில் அவர் சொன்னதைப் படித்தால் என்ன தோன்றுகிறது? மழுப்புகிறார். எரிச்சல்படுகிறார். கேட்ட கேள்விக்கு அளந்து பதில் சொல்கிறார், கேட்காததைச் சொல்வதில்லை. சாமர்த்தியம் என்று சொல்லலாம். மறைத்தார் என்றும் ஒருவர் வாதாடலாம். ஆனால் நான் எழுதிய அந்த ஒற்றை வரியை அந்தப் பக்கங்களிலிருந்து எடுத்துக் காட்ட என்னால் முடியவில்லை. செத்துப்போன மனிதர். வழக்குப் போட வரமாட்டார். அந்தத் தைரியத்தில்தான் எழுதியிருக்கிறேன் போல. புத்தகமாக வரும்போது அந்த வரி இருக்காது.

பிரிண்ட் அவுட் எடுத்துக்கொண்டு இரண்டாவது மாடிக்குப் போனேன். பெரியவர் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பத்தியாக இறங்கினார். முக்கால் மணி நேரம். காபி ஆறிப்போனது. இரண்டு இடத்தில் சிரித்தார், ஏன் என்று சொல்லவில்லை. எல்லாவற்றையும் அடுக்கி என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

“இது டிசம்பர். செப்டம்பர்லயே முதல் கேள்வி வந்துதே, அது எங்கே?”

“அதை எடுக்கலை சார்.”

“எடுத்துண்டு வா.”